86 வீடு, 4 தெரு: தெருக் காவல் குழுவை எங்கிருந்து தொடங்குவது?

ஏரிக்கரை_வாசி கேட்கிறார்:

தாம்பரத்தைத் தாண்டி ஒரு மனைப்பிரிவு. 4 தெரு, ஆள் குடியிருக்கிற வீடு 86. முப்பதுக்கு மேல் காலி மனை, எல்லாம் முள்ளுக்காடு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர 2 வழி. பின்பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதையும் உண்டு. மூன்று மாதத்தில் பூட்டிய வீடு 2 உடைபட்டது, ஒரு செயின் பறிப்பு, 3 பைக் காணாமல் போனது.

குழு ஆரம்பிக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு 1,500 வசூல் செய்து கேமரா போடலாம் என்கிறார்கள் சிலர். இளைஞர்கள் ராத்திரி கம்போடு சுற்றத் தயார் என்கிறார்கள். ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டுமா, சங்கம் பதிவு செய்ய வேண்டுமா, கேமரா எத்தனை, எங்கே? முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோந்து_நோட்டு:

வசூலை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முதல் வேலை ஒரு சார்ட் பேப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை 4 பேர் நடந்தே போய் வரைபடம் போடுங்கள்: ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு காலி மனை, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, அந்தக் கம்பத்தின் எண் என்ன, எந்தச் சுவரை எளிதாக ஏறிக் குதிக்கலாம். அதன் மேல் சிவப்பு மையில் நீங்கள் சொன்ன 6 சம்பவத்தையும் குறியுங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, எந்தப் பக்கமாக வந்தான், எந்தப் பக்கமாகப் போனான், எதை உடைத்தான். உடைபட்ட 2 வீடும் ஏரிக்கரைப் பக்கம் என்றால், மெயின் ரோட்டு முனையில் லட்ச ரூபாய்க்குக் கேமரா போட்டும் பயனில்லை. திருடனுக்குத் தெரிந்த வரைபடம் உங்களிடமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

எரியாத விளக்குக்கு உள்ளாட்சியில் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுங்கள். எண் இல்லாமல் "எங்க தெருவில் லைட் இல்லை" என்று சொன்னால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். முள்ளுக்காட்டுக்கு, சர்வே எண்ணும் மனை எண்ணும் வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டால் உரிமையாளர் பெயர் வரும். அவருக்கு ஒரு கடிதம், நகல் உள்ளாட்சிக்கு. மனை சுத்தமானால் பைக்கை ஒளித்து வைத்து இருட்டில் தள்ளிக்கொண்டு போக இடமிருக்காது.

அடுத்து ஸ்டேஷன். உங்கள் ஊர் மாவட்டம் செங்கல்பட்டு என்பதால் எஸ்.பி. ஆபீசுக்கு மனு எழுதிவிடாதீர்கள். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனிக் கமிஷனரேட். உங்கள் ஸ்டேஷன் எந்த எல்லையில் வருகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மனு 2 பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் குற்றப்பிரிவுக்கு வேறொருவரும் இருந்தால் இரண்டு பேரையும் பாருங்கள். திருட்டு வழக்கைப் பார்ப்பவர் இரண்டாமவர், ஆனால் பெரும்பாலும் சங்கத்துக்காரர்கள் முதலாமவரை மட்டும் பார்த்து சால்வை போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அங்கே கேட்க வேண்டியது நாலே விஷயம். உங்கள் தெரு எந்த பீட்டில் (ஒரு காவலருக்கு ஒதுக்கிய ரோந்துப் பகுதி) வருகிறது, அந்தக் காவலர் யார், அவர் எண் என்ன. ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போட உங்கள் பகுதியில் 2 இடத்தில் பட்டா புத்தகம் வைக்க முடியுமா, அல்லது ஆப்பில் பதிகிற முறை இருந்தால் உங்கள் தெருவையும் சேர்க்க முடியுமா (ஒன்றை ஏரிக்கரை முனைக்குக் கேளுங்கள், இல்லாவிட்டால் வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிடும்). பூட்டிய வீட்டுத் தகவலை யாரிடம் எப்படிக் கொடுப்பது. மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் யாராவது ஒரு எஸ்.ஐ. வந்து உட்காருவாரா.

அனுமதி என்று தனியாக ஒன்றும் தேவையில்லை. உங்கள் தெருவைப் பார்ப்பதற்கும் தகவல் சொல்வதற்கும் யாரும் தடை சொல்ல முடியாது. அதே சமயம் குழு ஆரம்பித்ததால் கூடுதல் அதிகாரமும் வராது. "போலீஸ்" என்ற சொல் உள்ள அடையாள அட்டை, பனியன், வண்டி ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். போலீசுக்கு உதவும் தன்னார்வலர்களின் பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு 1993ல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கியதுதான். 2020ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சம்பவத்துக்குப் பிறகு அரசே அதை மாநிலம் முழுக்கத் தடை செய்தது. காவலர் வேலைக்கும் குடிமகன் வேலைக்கும் நடுவே உள்ள கோடு அழிந்தால் ஆபத்து இரண்டு பக்கத்துக்கும்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது: பூட்டிய வீட்டு நோட்டு. 80 பக்க நோட்டு ஒன்று, தெருவுக்கு ஒரு பொறுப்பாளர். வீட்டு எண், கிளம்பும் தேதி, திரும்பும் தேதி, தொடர்பு எண், பக்கத்து வீட்டுப் பொறுப்பு யார். பொறுப்பாளர் மட்டும் பார்க்க வேண்டும், அவர் பீட் காவலருக்குச் சொல்ல வேண்டும். "நாங்க 5 நாள் ஊருக்குப் போறோம், வீட்டைப் பாத்துக்கோங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடக் கூடாது. 86 வீட்டுக் குழுவில் இருக்கிற செய்தி 300 பேருக்குப் போய்விடும்.

நோட்டம் விடுகிறவன் பார்ப்பது மிகச் சாதாரண விஷயங்களை. வாசல் தெளித்துக் கோலம் போடவில்லை, பால் பாக்கெட் பையிலேயே கிடக்கிறது, பேப்பர் சுருட்டியபடி 3 நாள், பகல் 12 மணிக்கும் போர்டிகோ விளக்கு எரிகிறது, கேட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்குகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் தினமும் தண்ணீர் தெளித்து ஒரு கோடாவது இழுக்கட்டும், பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள், விளக்குக்கு இருட்டினால் தானே எரிகிற சென்சார் ஹோல்டர் போடுங்கள், கேட்டுப் பூட்டை உள்பக்கம் திருப்பி மாட்டுங்கள். முன்கதவில் தேக்கு போட்டுவிட்டு மொட்டை மாடிக் கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் வைத்திருக்கிற வீடுகள்தான் அதிகம். அதற்கு உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போட வெல்டரிடம் அரை நாள் வேலை. பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைப்பது திருடனுக்கும் தெரிந்த பழக்கம்.

ஆறாவது_கேமரா:

கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான தெருக் கேமராவில் "யாரோ ஒருத்தன் போறான்" என்பது தெரியும், யார் என்பது தெரியாது. காரணம் லென்ஸும் உயரமும்.

கடைக்காரர் 2.8 மி.மீ. லென்ஸ் மாட்டிவிட்டு "தெரு முழுக்கத் தெரியுது பாருங்க சார்" என்பார். தெரியும். ஆனால் 2 மெகாபிக்சல் கேமராவில் அந்த லென்ஸை வைத்து முகம் அடையாளம் காணும் தூரம் சுமார் 10 அடிதான். 6 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை குறுகும், ஆனால் 25 அடி வரை முகம் கிடைக்கும். உங்களுக்கு 2 வழி, ஒரு பாதை. ஒவ்வொன்றிலும் ஒரு அகலக் கேமரா, ஒரு 6 மி.மீ. கேமரா, ஆக 6 போதும். 20 கேமரா போட்டுப் பராமரிக்க முடியாமல் விடுவதை விட இது மேல். ஏரிக்கரைப் பாதையை விட்டுவிட்டு மீதி இரண்டில் போட்டால் வேலை வீண்.

உயரம் 9 முதல் 10 அடி. உடைத்துவிடுவார்களோ என்று 15 அடியில் மாட்டினால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும். உடைப்பதற்குப் பயந்தால் அகலக் கேமராவின் பார்வையில் 6 மி.மீ. கேமரா விழுகிற மாதிரி வையுங்கள், உடைக்கிறவன் பதிவாவான். ராத்திரி வண்டி எண் வேண்டுமென்றால் அது தனி வேலை: ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்குக் குறையாமல் வைத்த ஒரு கேமரா, வண்டி வேகம் குறைகிற வேகத்தடைக்கு எதிரே. சாதாரணக் கேமராவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் எண் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு: 2 மெகாபிக்சல், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), வினாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் 21 முதல் 22 ஜி.பி. 6 கேமராவுக்கு 130. ஆக 4 டி.பி. டிஸ்க்கில் ஏறக்குறைய 30 நாள் நிற்கும். ஊருக்குப் போனவர்கள் 10 நாள் கழித்து வந்துதான் திருட்டே தெரியும், அதனால் 7 நாள் பதிவு போதாது. கண்காணிப்புக்கென்று வருகிற டிஸ்க்கை வாங்குங்கள், கம்ப்யூட்டர் டிஸ்க் 24 மணி நேர எழுத்துக்குத் தாங்காது.

கரண்ட் போனால்? 6 கேமரா, ரெக்கார்டர், மோடம் சேர்த்து 80 வாட் வரும். சின்ன 600 வி.ஏ. யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கினால் பெரிது. ரெக்கார்டரை இன்வெர்ட்டர் உள்ள ஒரு வீட்டில் வைத்து, கேமராக்களுக்கும் அங்கிருந்தே கேபிள் வழியாக மின்சாரம் கொடுங்கள். 150 ஆம்பியர் பேட்டரி இருந்தால் ராத்திரி முழுக்க ஓடும். கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகக் கூடாது, நடுவில் ஸ்விட்ச் வேண்டும். விலை குறைவு என்று அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளைத் தள்ளிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போனால் முனை பொரிந்து கேமரா விட்டு விட்டு வரும். முழுச் செம்பு கேட்டு, நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வழக்கு நிற்பதற்கு இரண்டு விஷயம். ரெக்கார்டர் கடிகாரம் இணையத்தோடு தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வையுங்கள். 12 நிமிடம் தப்பாக ஓடுகிற கேமராவை அடுத்த தெருக் கேமராவோடு ஒப்பிடவே முடியாது. அடுத்து, போலீஸ் கேட்கும்போது திரையைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ரெக்கார்டரிலிருந்து நேராகப் பென் டிரைவில் மூலப் பதிவை எடுத்துக் கொடுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது, அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) வர வேண்டும்.

மாதம் ஒரு முறை லென்ஸைத் துடைக்க ஒரு ஆளை நியமியுங்கள். சிலந்தி வலைதான் ராத்திரிக் கேமராவின் முதல் எதிரி. அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், ஒரு நூலிழை லென்ஸ் முன்னால் ஆடினால் படம் முழுக்க வெள்ளை. கேமரா யார் வீட்டு ஜன்னலையும் மாடியையும் பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியை மறைக்கும் வசதி மெனுவிலேயே இருக்கிறது. நிறுவியவர் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள்.

ஏரிக்கரை_வாசி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு வரைபடம் போடுகிறோம். ராத்திரி ரோந்து பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். பையன்கள் வேகமாக இருக்கிறார்கள். சந்தேகமாக யாராவது வந்தால் பிடித்துக் கட்டி வைத்துவிட்டு போலீசுக்குச் சொல்லலாமா?

பிரிவு_நாற்பது:

கட்டி வைக்கக் கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே, கம்பு எடுத்துக்கொண்டு வருகிற தம்பிகள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு சாதாரண ஆளும் கைது செய்யலாம் என்கிறது. ஆனால் எப்போது? ஜாமீனில் விட முடியாத, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை அவர் கண்ணெதிரே ஒருவன் செய்தால், அல்லது அவன் நீதிமன்றம் அறிவித்த தலைமறைவுக் குற்றவாளியாக இருந்தால். பிடித்தபின் தாமதம் இல்லாமல், எப்படியும் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். "சந்தேகமாக நின்றான்" என்பது இந்தப் பிரிவுக்குள் வராது. வீட்டுக்குள் புகுந்து திருடுவது வரும். ஆனால் வாசலில் கிடந்த 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாக எடுத்தவன் வரமாட்டான். புதுச் சட்டத்தில் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். செருப்புத் திருடனைக் கம்பத்தில் கட்டினால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த வழக்கு கட்டியவர் மேல் வரும். அடித்தால் அடிதடி வழக்கு தனி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103(2)ன்படி, இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் அல்லது தூக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நேரம். போளூர் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி ஊர் அடித்து இறந்தார். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் அப்படியே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள். உங்கள் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிகள், குப்பை பொறுக்குகிறவர்கள், மனநலம் சரியில்லாமல் அலைகிறவர்கள், இவர்கள் மேல்தான் முதல் கை விழும். ஆளின் தோற்றத்தைக் குழுவில் எழுதக் கூடாது, செயலை எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். "ஒரு இந்திக்காரன் நிக்கிறான்" என்பது தகவலே அல்ல. "14ஆம் எண் வீட்டுச் சுவரில் ஏறி எட்டிப் பார்க்கிறான், நீலச் சட்டை" என்பதுதான் தகவல்.

ரோந்துக்கு வருகிறேன். நள்ளிரவு 12 முதல் 4 மணிவரை தன்னார்வலர் ரோந்து மூன்றாவது வாரத்தில் படுத்துவிடும். வேலைக்குப் போகிறவர்களால் முடியாது. அந்த நேரத்துக்குக் காவலாளி வையுங்கள். மாதம் 15,000 என்று வைத்தாலும் 86 வீட்டுக்குப் பங்கிட்டால் 175 ரூபாய்தான். ஏஜென்சி மூலம் வைத்தால் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் உள்ளதா என்று பாருங்கள். நேரடியாக வைத்தால் அவருடைய அடையாளச் சான்றை ஸ்டேஷனில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு உட்கார இடமும் கழிப்பறையும் கொடுங்கள். அது இல்லாமல் ஆள் நிற்கமாட்டார்.

தன்னார்வலர்கள் இரவு 9 முதல் 10:30, விடியற்காலை 4:30 முதல் 6 போதும். ஒரு வேளைக்கு இரண்டு பேர், எப்போதும் இரண்டு பேர். 36 பேர் சேர்ந்தால் ஒருவருக்கு 9 நாளைக்கு ஒரு முறை வரும், இது தாக்குப்பிடிக்கும். கையில் டார்ச், விசில், முழு சார்ஜில் போன், ஒளிரும் ஜாக்கெட். கம்பு வேண்டாம். நாய்க்கு என்று சொல்லி எடுத்துப்போவார்கள், மனுசன் மேல் விழும். தினமும் ஒரே முனையில் தொடங்காமல் மாற்றி நடங்கள். எதையாவது கண்டால் தள்ளி நின்று விளக்கடித்து, விசில் ஊதி, அவசர எண் 112க்கு அழையுங்கள். ஓடுகிறவனைத் துரத்தக் கூடாது. அவன் கையில் கடப்பாரை இருக்கும், உங்கள் கையில் டார்ச்தான்.

மதியம்_மூணு_மணி:

எல்லாரும் ராத்திரியைப் பத்தியே பேசுறீங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு பகல் 11லேருந்து 3 வரைக்கும் காலியாத்தான் கிடக்கு. அந்த நேரத்துல தெருவுல இருக்கறது பெண்களும் வயசானவங்களும்தான். உங்க குழுவுல 36 ஆம்பளைங்க மட்டும் இருந்தா பகல்ல கண்ணே கிடையாது. தெருவுக்கு ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் போடுங்க. இஸ்திரி வண்டிக்காரர், தண்ணி கேன் போடற தம்பி, பேப்பர் போடறவர், தூய்மைப் பணியாளர் அக்கா, முனைக்கடை அண்ணாச்சி, இவங்க எல்லார்கிட்டயும் பொறுப்பாளர் எண்ணைக் கொடுத்து வைங்க. எந்த வண்டி புதுசா மூணு நாளா நிக்குதுன்னு முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். மரியாதையா கூட்டத்துக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்க. அவங்களையே சந்தேகமா பாத்து ஆதார் கேட்டு விரட்டினீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க.

நகைக்கு பாலிஷ் போடறோம்னு வர்றவங்க, கேஸ் அடுப்பு சர்வீஸ், கரண்ட் ஆபீஸ்னு சொல்லிட்டு வர்றவங்க, இதுக்கெல்லாம் ஒரே விதி: கிரில் கேட்டைத் திறக்காம பேசணும், பக்கத்து வீட்டுக்கு ஒரு குரல் கொடுக்கணும். நகை பாலிஷ்னு வந்தா வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க, அதுல யோசிக்கவே எதுவும் இல்லை. ஆசிட்ல முக்கினா தங்கம் கரைஞ்சு எடை குறையும், பாக்க மட்டும் பளபளன்னு இருக்கும்.

காலை நடை போறவங்க ரோட்டோட வலது ஓரமா, எதிரே வர்ற வண்டியைப் பாத்த மாதிரி நடக்கணும். செயின் பறிக்கறவன் பெரும்பாலும் பின்னாடியிருந்து வருவான், பின்சீட்டுல இருக்கறவன்தான் கை போடுவான். இழுத்தா மல்லுக்கட்ட வேண்டாம், கழுத்து அறுந்துடும், கீழ விழுந்து தலையில அடிபடும். வண்டி நிறம், ஹெல்மெட், எந்தப் பக்கம் போனான்னு மட்டும் பாருங்க. நம்பர் பிளேட் போலியா இருக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்ல ரெண்டு குழு வைங்க. ஒண்ணு அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் போடறது. இன்னொண்ணு அவசரத்துக்கு. அதுல காலை வணக்கம், பிறந்தநாள், பார்வர்டு எதுவும் கூடாது. வந்தா, எச்சரிக்காமலே நீக்குங்க. ரெண்டு வாரம் வணக்கம் படம் வந்தா எல்லாரும் சத்தத்தை அணைச்சுடுவாங்க, அப்புறம் நிஜமா ஒண்ணு நடக்கும்போது யாரும் பாக்கமாட்டாங்க. முதல்ல 112 அடிக்கணும், அப்புறம்தான் குழுவுல எழுதணும். பிரச்சினை தீர்ந்ததும் போட்டவரே "முடிந்தது, இன்ன காரணம்"னு எழுதி மூடணும். இல்லாட்டி அது மறுநாள் வேற ஊருல வதந்தியா சுத்தும். பெண்கள், தனியா இருக்கற வயசானவங்க போன்ல தமிழ்நாடு போலீசோட "காவல் உதவி" ஆப்பைப் போட்டுக்கொடுத்து, அழுத்திக் காட்டுங்க. போட்டுட்டு மட்டும் வந்தா ஆபத்து நேரத்துல எங்க இருக்குன்னே தெரியாது.

ரோந்து_நோட்டு:

தங்கை சொன்ன பகல் நேரம் நான் விட்டுவிட்டது, சரியான சுட்டல்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 7 பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். உறுப்பினர் 20 பேர் ஆனாலோ, ஆண்டு வரவு செலவு 10,000 ரூபாய் ஆனாலோ 3 மாதத்துக்குள் பதிந்தே ஆக வேண்டும். நீங்கள் பேசுகிற தொகை 1,29,000, ஆகவே காவல் குழுவைத் தனியாக வைக்காமல் குடியிருப்போர் நலச் சங்கமாகப் பதிந்து, அதன் கீழ் ஒரு பிரிவாக வையுங்கள். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்து. தனி ஆள் ஜிபேயில் வாங்கத் தொடங்கினால் ஆறாவது மாதம் திருடனைப் பற்றிய பேச்சு போய்க் கணக்குப் பேச்சு வந்துவிடும்.

இன்னொன்று. திருட்டு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே எல்லா வீட்டுக்கும் ஒரு தாளில் கொடுத்து வையுங்கள். கதவு உடைந்திருப்பதைப் பார்த்ததும் தெருவே உள்ளே போய்ப் பீரோவைத் தொட்டுப் பார்க்கும். விரல்ரேகை அங்கேயே போயிற்று. மோப்ப நாய்க்கும் 20 பேர் வாசனைதான் கிடைக்கும். உள்ளே போகாமல் வாசலில் ஒருவர் நின்று, மற்றவர் 112 அடிக்க வேண்டும். உடைத்த பூட்டையும் கிடக்கிற கம்பியையும் அப்படியே விட வேண்டும். புகாரில் "சுமார் 20 பவுன்" என்று எழுதாமல், ஒவ்வொரு நகையின் பெயர், எடை, அடையாளம் எழுத வேண்டும். அதற்கு இப்போதே நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படமெடுத்து, ரசீதோடு வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைத்திருங்கள். மீட்ட நகையை நீதிமன்றத்தில் திரும்ப வாங்க அது பெரிதும் உதவும். புகார் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாமல், முதல் தகவல் அறிக்கை போடச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகலுக்குக் கட்டணம் இல்லை.

பைக் 3 போயிருக்கிறது என்றீர்கள். ஹேண்டில் லாக் மட்டும் நம்ப வேண்டாம், உதைத்தே உடைத்துவிடுவார்கள். பின் சக்கரத்துக்கு ஒரு சங்கிலிப் பூட்டு போட்டு அதைக் கேட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். தெருவில் நிற்கிற வண்டிகளை எல்லாம் எரிகிற விளக்குக் கம்பத்தின் கீழ் ஓரிடத்தில் சேர்த்து நிறுத்த இடம் ஒதுக்குங்கள். உங்கள் முதல் 6 மி.மீ. கேமரா அதைப் பார்க்கட்டும்.